தரையைத் தொடாத தாய்மாமன்

விழுப்புரம் வேங்கடேசனின் தொண்ணூறாம் வருடத்துக் கார் போன வைகாசியிலிருந்து ரோட்டுக்கு இரண்டடி மேலே ஓடுகிறது. காரணம், இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப். அவர் பழைய கார் உரிமையாளர் சங்கத்தின் மாவட்டத் தலைவர். சங்கத்தில் மொத்தம் மூன்று பேர். மற்ற இருவரும் துணைத் தலைவர்கள். வானூரில் தங்கை தையல்நாயகியின் மூத்த மகளுக்குக் காது குத்தியபோது, பஸ்ஸில் போவது தலைவருக்கு அழகல்ல என்று காரில் கிளம்பி, பம்ப் மக்கர் செய்து கண்டமங்கலத்திலேயே நின்றுவிட்டார். தாய்மாமன் மடி இல்லாமல் யாரோ ஒரு பங்காளி மடியில் வைத்துக் குத்தினார்கள். தையல்நாயகி மூன்று வருடம் அண்ணனோடு பேசவில்லை. இளையவள் கலைப்பிரியாவுக்கும் வராவிட்டால் அண்ணன் என்று ஒருத்தன் பிறக்கவேயில்லை என்று ஆள்விட்டுச் சொல்லியிருந்தாள்.

ஆகவே திண்டிவனத்தில் சிக்கந்தர் பாட்சாவின் உதிரிபாகக் கடைக்குப் போனார். பாட்சா உள்ளங்கை அளவு பம்ப் ஒன்றை எடுத்துவைத்து, கார்புரேட்டர் வண்டிக்கு இதுதான் சரி, பெரிய எலெக்ட்ரிக் பம்ப் தள்ளுகிற வேகத்தை அது தாங்காது என்றார். கல்யாணப் பந்தியில் கடைசி இலையைக் காட்டியதுபோல அதைப் பார்த்த வேங்கடேசன், சேர்மன் வண்டிக்கு எதைப் போடுகிறீர்கள் என்று கேட்டார்.

"அது வேற வண்டிங்க, தலைவரே. போட்டுக்கினு போய்ட்டு அப்புறம் பேஜாருன்னு வரக்கூடாது."

சேர்மன் வண்டிக்குப் போடும் அந்தப் பெரிய பம்பையே வாங்கினார்.

காதுகுத்தன்று சீர்த்தட்டுகளோடும் மனைவி அருணாவோடும் ஏறிச் சாவியைத் திருப்பியதும் கார் ஒருமுறை இருமிவிட்டு எழும்பியது. டோல்கேட்டில், சக்கரம் ரோட்டில் படாத வண்டிக்கு வசூல் இல்லை என்றார்கள். தலைவர் சண்டைபோட்டுக் கட்டிவிட்டுப் போனார். ரோட்டோரக் கடலைக்கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்து, டயர் தேயாது என்று பேசிக்கொண்டார்கள்.

வானூர் போய்ச் சேரும்போது வெயில் ஏறி, பெட்ரோல் சூடாகி, கார் பந்தல் உயரத்துக்குப் போய்விட்டது. கீழே ஆசாரி ஊசியோடு நிற்க, நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. வேங்கடேசன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இறங்கத் தெரியவில்லை என்று எந்தத் தலைவரும் பேசாத குரலில் சொன்னார். பாட்சா கொடுத்ததைப் போட்டிருந்தால் இந்நேரம் பந்தியில் உட்கார்ந்திருக்கலாம் என்றாள் அருணா.

தையல்நாயகி அண்ணாந்து பார்த்தாள். மூன்று வருடத்தில் முதல் பேச்சு.

"மடி இருக்குதில்ல? அது போதும். அங்கயே உக்காந்துக்கினு இருண்ணா, கொழந்தைய அனுப்புறேன்."

ஏணி வந்தது. குழந்தை ஏறினாள், பின்னாலேயே ஆசாரியும். மாமன் மடியில் உட்கார்ந்து தென்னை மட்டைகளுக்கு மேலே ஊரைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கலைப்பிரியா அழவே மறந்துபோனாள்.

மேலே வைத்துக் குத்தினால் பிள்ளைகள் அழுவதில்லை என்று இப்போது வானூர்ப் பக்கம் காதுகுத்துக்கெல்லாம் அந்தக் காரைக் கேட்டு வருகிறார்கள். தலைவர் ஸ்டியரிங்கில், அவரவர் தாய்மாமன் பின் சீட்டில். பந்தல்காரர் நாற்காலிகளோடு ஓர் ஏணியும் ஏற்றி அனுப்பிவிடுகிறார்.