டிராம் அத்தியாயம்

மெட்ராஸ் பதிப்பாளர் பதில் போட்டுவிட்டார் என்ற செய்தி கல்கத்தா பவானிபூர்த் தமிழர்கள் அத்தனை பேருக்கும் ஒரே சாயங்காலத்தில் தெரிந்துபோயிற்று. சாவித்ரி யாரிடமும் மூச்சு விடவில்லை. எல்லாம் அவள் கணவர் சீதாராமனின் வேலை. சர்க்கார் கணக்காபீசில் உத்தியோகம், வீட்டுச் சமாச்சாரத்தை வெளியே பேசாத மனுஷர் என்று பெயர் வாங்கியவர். அன்றைக்கு மட்டும் ஆபீசில் ஆரம்பித்து, டிராமில் தொடர்ந்து, சந்து முனை வெற்றிலைக்கடை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்துவிட்டார்.

"எங்காத்துல எழுதின புஸ்தகத்தை மெட்ராஸ்ல அச்சுப் போடப்போறா." வெற்றிலைக்கடைக்காரனுக்குத் தமிழ் தெரியாது. அதனால் என்ன, அவனும் சந்தோஷப்பட்டான்.

புத்தகத்தின் பெயர் 'கல்கத்தாவில் குடித்தனம்'. ஹௌராவில் ரயிலை விட்டு இறங்கும் தமிழ்ப் பெண் இந்த ஊரில் காலம் தள்ளுவது எப்படி என்று சொல்லும் புத்தகம். நல்ல புளி எங்கே கிடைக்கும், மீன்கடை வாசனை படாமல் காய்கறி வாங்குவது எப்படி, மார்கழிக் குளிரில் தோசைமாவு பொங்காவிட்டால் என்ன செய்வது, வாசலில் கூடை இறக்குகிறவனிடம் வங்காளியில் எப்படிப் பேரம் பேசுவது, எல்லாம் இருந்தது. கதையும் இல்லை, காவியமும் இல்லை. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. எழுதினவள் பட்டுத் தெரிந்துகொண்டு எழுதியிருந்தாள்.

கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் அவளுக்கு உப்பு தீர்ந்துபோயிற்று. வாசலில் போகிற கூடைக்காரனை நிறுத்தி, வெள்ளையாக இருக்கும், சாதத்தில் போடுவோம் என்று கையாலேயே அபிநயம் பிடித்தாள். அவன் யோசித்துப் பார்த்துவிட்டு ஒரு பொட்டலம் சுண்ணாம்பு கொண்டுவந்து கொடுத்தான். அன்று கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழுத அழுகை உப்புக்காக மட்டும் இல்லை. இவ்வளவு பெரிய ஊரில் தன் பேச்சுக்கு ஒரு காதுகூட இல்லையே என்று அழுதாள்.

அதற்குப் பிறகு மாடியில் குடியிருந்த வங்காளிப் பெண்ணை 'பௌதி', அதாவது அண்ணி, என்று கூப்பிட்டுப் பழகி, அவளிடம் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்தாள். அப்புறம் ஒருநாள் மத்தியானம், யாரிடமும் சொல்லாமல், மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு ரஸா ரோடில் டிராம் ஏறி தர்மதலா கடைத்தெருவரை போய்த் திரும்பி வந்தாள். காரியம் ஒன்றும் இல்லை, சும்மாதான் போனாள். ஒரு வாரம் அந்தச் சந்தோஷத்தை மடியில் முடிந்துவைத்துக்கொண்டு வளையவந்துவிட்டு, எட்டாம் நாள் கணவரிடம் சொன்னாள். சீதாராமன் விழித்தார். பிறகு, "ஜன்னலோரமா இடம் கிடைச்சுதா?" என்று கேட்டார். நல்ல மனுஷர்.

அந்தப் பயணம்தான் புத்தகத்தின் கடைசி அத்தியாயமாயிற்று. எங்கே ஏறுவது, கண்டக்டரிடம் என்ன சொல்வது, எதைப் பார்த்து இறங்குவது, வழி தப்பினால் என்ன கேட்பது என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தாள். மெட்ராஸிலிருந்து வந்த வினையும் அந்த அத்தியாயத்துக்குத்தான்.

பதிப்பாளர் அனந்தகிருஷ்ணன் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். புத்தகம் பிரமாதம், ஆயிரம் பிரதி போடுவார், தமிழ்நாட்டில் ஒரு ஜில்லா விடாமல் அனுப்புவார், சகல பாத்தியதையும் அவருடையது. ஒரே ஒரு திருத்தம். குலஸ்திரீகள் தனியே டிராம் ஏறுவதற்கு வழி சொல்லும் அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும். அந்த இடத்தில் பதிவிரதா தர்மத்தைப் பற்றி ஒரு பண்டிதரைக் கொண்டு எழுதிச் சேர்த்துக்கொள்வார்.

"அந்த இடத்துல வேற யாரோ எழுதுவாளாம், என் பேர்ல வருமாம்," என்றாள் சாவித்ரி.

"ஒரு அத்தியாயம்தானே. பாக்கி எல்லாம் அப்படியே வரதே."

"பாக்கி எல்லாம் ஆத்துக்குள்ள இருக்கறதுக்கு. இது ஒண்ணுதான் வெளியில போறதுக்கு."

சீதாராமன் தலையைச் சொறிந்தார். ஆபீஸ் பூராவும் தம்பட்டம் அடித்தாயிற்றே. "திருநெல்வேலியிலேருந்து எல்லாரும் படிப்பா, சாவித்ரி. நாமளே இங்க அச்சுப் போட்டா யார் படிப்பா? நம்மவா இருக்கறது ரெண்டு மூணு தெருவுல. சொந்தக் காசுல புஸ்தகம் போட்டா, வேற போக்கிடம் இல்லாம போட்டதுன்னுதானே சொல்லுவா."

"அங்க இருக்கறவா வேடிக்கை பார்க்கப் படிப்பா. இங்க இருக்கறவா கடைக்குப் போறதுக்குப் படிப்பா."

எதிர்வீட்டுக் காமு மாமியிடம் ஆலோசனை கேட்டது சாவித்ரியின் புத்திக்குறைவு. மாமி, பாங்க் உத்தியோகஸ்தர் மஹாதேவனின் மனைவி. கல்கத்தாவுக்கு வந்து தலை நரைத்துவிட்டது, சந்து முனையைத் துணையில்லாமல் தாண்டியது கிடையாது, அதில் ஒரு பெருமையும் உண்டு. "அந்த மனுஷர் சரியாத்தான் சொல்லியிருக்கார். டிராம் பாடத்தை எடுத்துடு. புஸ்தகமும் ஒல்லியா லட்சணமா இருக்கும். யாருக்குடி வேணும் அது?" என்றாள்.

சாவித்ரி மூன்று நாள் யோசித்தாள். தன் பெயர் கும்பகோணத்துக் கடையில் தொங்குவதை நினைத்தால் இனித்தது. இனிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஹௌராவில் யாரோ ஒருத்தி டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து மிரள மிரள விழிப்பதை நினைத்தால் அந்த இனிப்பு தொண்டையில் இறங்கவில்லை. வேண்டாம் என்று மெட்ராஸுக்கு எழுதிப் போட்டாள்.

சைக்கிள் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தைச் சீதாராமன் எடுத்துக் கொடுத்தார். "டிராமே சௌகரியம்," என்றார்.

பௌபஜார்ப் பக்கம் ஓர் அச்சுக்கூடத்தில் பழைய தமிழ் அச்செழுத்து கொஞ்சம் கிடந்தது. மொத்தப் புத்தகத்துக்கும் கோக்கக் காணாது. ஆகையால் பதினாறு பக்கம் கோத்து, அச்சடித்து, எழுத்தைக் கலைத்து, மறுபடி அடுத்த பதினாறு. இப்படித் தவணை தவணையாகத் தாள்கட்டு வந்து கூடத்தில் குவிந்தது. பைண்டிங் கூலி கட்டுப்படியாகாது என்று தெரு மாமிகள் மத்தியானத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அப்பளம் இடக் கூடுவதுபோல்தான். ஒருத்தி தாளை மடிக்க, ஒருத்தி கோணி ஊசியால் தைக்க, ஒருத்தி பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையைத் தடவ, நடுவில் ஊர்வம்பு. தையல் காமு மாமியுடையது. கை வேலை செய்தபடியே, "தைக்கிறேன், அதுக்காக டிராம்ல ஏறச் சொல்லாதே," என்று நாளுக்கு ஒரு தரம் சொல்லிவைப்பாள்.

பங்குனியில் புத்தகம் வீடுவீடாகப் போயிற்று. நன்றாகத்தான் போயிற்று. தோசைமாவுக்கு வழி பலித்தது என்றார்கள், பேரம் பேசும் பாடத்தைப் படித்துவிட்டுக் கூடைக்காரனையே திணற அடித்தார்கள். டிராம் அத்தியாயத்தைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. இரவல் போய்த் திரும்பிய பிரதிகளைப் பார்த்தாள். சமையல் பக்கங்களில் மஞ்சள் கறை. கடைசிப் பக்கங்கள் வெள்ளைவெளேர் என்று இருந்தன. இதற்காகவா மெட்ராஸை விட்டோம் என்று சாவித்ரிக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கணவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாகவும் இருந்தது. அவர் தினமும் வேர்த்து வழிந்துகொண்டு டிராமைப் பிடிக்க ஓடினார்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் கால்பைசாகிப் புயல் அடித்தது. அந்த ஊரில் வருஷா வருஷம் அடிப்பதுதான். மறுநாள் காலையில் பால் வாங்க வெளியே வந்தபோது ரஸா ரோடில் பெரிய அரசமரம் வேரோடு சாய்ந்து கிடப்பதைச் சாவித்ரியே பார்த்தாள். ஐயோ பாவம், எத்தனை வயசு மரமோ என்று உச்சுக்கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அவ்வளவுதான், மறந்தும்போனாள்.

அந்த வாரக் கடைசியில், வெயில் தாழ்கிற நேரம், கதவு இடிபட்டது. தட்டவில்லை, இடிதான். திறந்தால் காமு மாமி. முகம் ரத்தச் சிவப்பு, நெற்றியில் புதுக் குங்குமம், ஒரு கையில் பொட்டலம், மறு கையில் 'கல்கத்தாவில் குடித்தனம்'.

"உன் புஸ்தகத்துல தப்பு இருக்குடி," என்றாள் மாமி.

"என்ன மாமி ஆச்சு?"

"காப்பிக்கொட்டை தீர்ந்துபோச்சு. நாளைக்குச் சம்பந்தி வரா. இவர் ஆபீஸ் போயாச்சு. தர்மதலாவுல நல்ல கொட்டை கிடைக்கும்னு நீதானே எழுதியிருக்கே. போனேன்."

"தனியாவா?"

"பின்ன? எம்பெருமான் வந்து கூட்டிண்டு போவாரா? நீ எழுதினபடியே ஏறினேன், எழுதினபடியே சொன்னேன், கடையும் இருந்தது, கொட்டையும் இருந்தது. அதெல்லாம் சரி. திரும்பும்போது, பெரிய அரசமரம் தெரிஞ்சதும் எழுந்து நில்லுன்னு போட்டிருக்கே. கண் பூத்துப் போறவரைக்கும் பார்த்தேன். எங்கேடி மரம்?"

சாவித்ரிக்குச் சுரீர் என்றது. "அது விழுந்துடுத்து மாமி. புயல்ல."

"போறச்சே எங்க ஏறினேன்னாவது தெரியணுமா இல்லையா? பயத்துல கண்ணை மூடிண்டுன்னா ஏறினேன். கண்டக்டர் என்னைக் காளிகாட்டுல கொண்டுபோய் இறக்கிட்டான்."

"ஐயோ. அப்புறம்?"

"அப்புறம் என்ன. வழி தப்பினா கேக்கணும்னு எழுதியிருக்கியே, அதைப் பார்த்துப் படிச்சேன். பவானிபூர் கோன் திகே? எந்தப் பக்கம்னு. ஒரு பூக்காரி, உல்டோ திகே மான்னு எதிர்ப்பக்கமா கையைக் காட்டினா. எனக்குப் புரிஞ்சுதுடி." மாமியின் குரல் கொஞ்சம் தழைந்தது. "நான் கேட்டேன், அவளுக்குப் புரிஞ்சுது. அவ சொன்னா, எனக்குப் புரிஞ்சுது. வந்ததுதான் வந்தோம்னு காளி கோவிலுக்குள்ளே போய் அம்பாளையும் பார்த்துட்டு, எதிர் டிராம் பிடிச்சு, கண்டக்டர்கிட்ட கேட்டு இறங்கி வந்துட்டேன்."

சாவித்ரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். திருநெல்வேலியும் கும்பகோணமும் அந்த நிமிஷத்தில் அவளுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. எழுதின நாளிலிருந்து இவ்வளவு நிறைவாக அவள் இருந்ததில்லை.

"பல்லைக் காட்டாதே, திருத்து," என்றாள் மாமி. "இறங்கற இடத்துக்கு எதிர்ல சிவப்பு மாடிவீடு ஒண்ணு இருக்கு, பச்சை ஜன்னல். அதைப் போடு. காளிகாட்டுக்கும் தனியா வழி எழுது, நான் சொல்றேன்." வாசல்வரைக்கும் போனவள் திரும்பி வந்து குரலை இறக்கிக்கொண்டாள். "இவர்கிட்ட வாயை விட்டுடாதே. ஒரு வாரம் போகட்டும், நானே சொல்லிக்கறேன்."

"சொல்லலை மாமி," என்றாள் சாவித்ரி.

மாமி போனதும் கூடத்து அலமாரியைத் திறந்தாள். இன்னும் தைக்காத தாள்கட்டு பாதி அங்கேதான் இருந்தது. பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, முதல் தாளில் அரசமரத்தை அடித்துவிட்டுச் சிவப்பு மாடிவீட்டை எழுதினாள். அடுத்த தாளை எடுத்தாள். மெட்ராஸுக்கு எழுதிக் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. அவள் புத்தகம், அவள் திருத்தினாள்.