பரவை வீரணன் மேல் ஒரு வழக்கு

1

பஸ் ஆரப்பாளையத்தில் நிற்பதற்குள் குதித்துவிட்டான் வீரணன். கையில் மனு. மை இன்னும் காயவில்லை. எதிரே வந்த ரிக்‌ஷாவை மறித்து, "எஸ்.பி. ஆபீஸ்ணே, வெரசா!" என்று கத்தினான். நாலே முக்காலுக்குத் தபால் ஜன்னலை மூடிவிடுவார்கள். பின்னால் நான், செருப்பு அறுந்து...

(அறுந்ததா? நினைவில்லை. எட்டு வருடம் வாரப் பத்திரிகைக்குத் துப்பறியும் தொடர் எழுதியதில் வந்த பழக்கம். உண்மையைச் சொல்லும்போதுகூட யாருக்காவது செருப்பு அறுந்துவிடுகிறது.)

இந்தக் கதை பிறந்தது அந்த மனுவில்தான். வருடம் 1979. வீரணனுக்கு ஷார்ஜாவில் கல் பிளக்கும் இயந்திரம் ஓட்டுகிற வேலை கூடி வந்திருந்தது. பம்பாய் ஏஜெண்ட் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். 'இவன்மீது குற்ற வழக்கு ஏதும் இல்லை' என்று போலீஸ் சான்று. இருபதாம் தேதிக்குள்.

2

"வாரா வாரம் போலீசை வச்சே பொழைக்கிற. உனக்குத் தெரியாததா மாப்ள? நீயே எழுதிக் குடு" என்றான்.

தெரியும். முழு வெள்ளைத்தாள், கோர்ட் ஸ்டாம்ப், போட்டோ இரண்டு. தகப்பனார் பெயர், இதுவரை குடியிருந்த ஊர்கள். எஸ்.பி. அலுவலகம் அதைச் சொந்த ஊர் ஸ்டேஷனுக்கு அனுப்பும். ஸ்டேஷனில் பதிவேட்டைப் புரட்டுவார்கள், தெருவில் நாலு பேரை விசாரிப்பார்கள். பெயர் இல்லையென்றால் சான்று. அவ்வளவுதான்.

இந்த அவ்வளவை எழுத மூன்று நாள் இழுத்தடித்தேன். கடைசியில் ஓடுகிற பஸ்ஸில் முழங்காலில் வைத்து எழுதினேன். முடிக்கும் வரி: 'என்மீது எந்த வழக்கும் இல்லை, இருந்ததும் இல்லை.' அதை எழுதும்போது என் பேனா*

* 'நடுங்கியது' என்று எழுதப் போனேன். நடுங்கவில்லை. வருத்தமே அதுதான்.

3

ஒரு வாரம் கழித்து ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. நானும் கூடப் போனேன். ஏட்டு முகம்மது கனி என் தொடரைப் படிக்கிறவர்.

"வாங்க சார். டாக்டரைக் கொன்னது அந்தக் கம்பவுண்டர்தானே? வீட்ல ஜெயினம்பு சத்தியமே பண்ணுறா."

"அடுத்த வாரம் தெரியும் ஏட்டய்யா."

சிரித்துக்கொண்டே பதிவேட்டைப் பிரித்தவர், சிரிப்பை நிறுத்திவிட்டுப் படித்தார். "வீரணன், தகப்பன் பேரு கருத்தக்கண்ணன், பரவை. எழுபத்தொண்ணு, பொங்கலுக்கு மறுநாள். சினிமாக் கொட்டகை வாசல்ல பிளாக்ல டிக்கெட் வித்த கேஸ். ஒத்துக்கிட்டு அபராதம் கட்டியிருக்க."

வீரணன் என்னைப் பார்த்தான், ஏட்டைப் பார்த்தான். "அய்யா, அந்தப் பொங்கலுக்கு நான் ஊருக்கே வரலை. மேலூர்ல கல்லு உடைச்சிக்கிட்டுக் கெடந்தேன்!"

"அப்ப உன் ஆவியா வந்து கையெழுத்துப் போட்டுச்சு?"

"எவனோ எம்பேரைச் சொல்லியிருக்கான்யா."

ஏட்டு கொஞ்சம் இளகினார். "கையெழுத்தை ஒத்துப் பார்க்கலாம்னா, கேஸ்கட்டை எப்பவோ அழிச்சாச்சு. பதிவேடுதான் மிச்சம். மாத்திச் சொன்னவன் வந்து 'நான்தான்'னு எழுதிக் குடுத்தா மேல அனுப்புவேன். எவன் வருவான்? சார், எம்புட்டோ கேசைக் கண்டுபிடிக்கிறீங்க. இதையும் கண்டுபிடிச்சுக் குடுங்களேன்."

நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

இந்த இடத்துக்கு ஒரு முடிவு தயாராக வைத்திருந்தேன். கருப்பு என்கிற பழைய டிக்கெட் வியாபாரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் உண்மையைக் கக்குகிறான். சான்று வருகிறது. விமானம் கிளம்பு...

அடித்துவிட்டேன். கருப்பு என்று எவனும் இல்லை.

நடந்தது இது. இருபதாம் தேதி வந்தது, போனது. ஷார்ஜாவுக்கு வேறொருவன் போனான். வீரணன் மேலூர் குவாரிக்கே திரும்பினான். அவனுக்குப் பேசி வைத்திருந்த சோணையம்மாள் வீட்டில், "ஸ்டேஷன்ல பேரு இருக்காமே" என்று தட்டு மாற்றாமலே நின்றுவிட்டார்கள். லீவுக்கு வந்தால் டீக்கடையில் என் தொடரைப் படித்துவிட்டு அங்கிருந்தே கத்துவான்: "மாப்ள, இந்த வாரமாச்சும் நெசக் குத்தவாளியை மாட்டி விடுவியா, மாட்டியா?"

கடையே சிரிக்கும். நானும்.

இப்போது 1983. பஞ்சாலை ஒன்றில் வாட்ச்மேன் வேலை இருக்கிறதாம். அதே சான்று கேட்கிறார்கள். மனு எழுத வெள்ளிக்கிழமை என்னிடம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். வேறு யாரிடம் போவான்?

5

வெள்ளைத்தாள் எடுத்து வைத்துவிட்டேன். பழைய மனுவையே எழுதலாம், அந்தக் கடைசி வரியோடு. பதிவேடு மறுபடியும் அவனைத் திருப்பி அனுப்பும். அல்லது ஏட்டு கேட்டாரே, அந்தக் காகிதத்தை எழுதலாம். எதை எழுதுவேன் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் தொழில் புத்தியில் மறைத்து வைத்த ஒரு தகவலைப் படித்துவிட்டு முடியுங்கள்.

பொங்கலுக்கு மறுநாள். கொட்டகை வாசல். காலரைப் பிடித்து இழுத்த கையில் இரும்புக் காப்பு. கல்லூரியில் சேர்ந்து ஆறு மாதம். வீட்டுக்குத் தெரிந்தால் அன்றோடு படிப்பு போச்சு. தப்பில்லாமல் சொல்லும்படி எனக்குத் தெரிந்த இன்னொரு முழு விலாசம், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனுடையது.

"பேரு என்னடா?"

"வீரணன்."

"அப்பன் பேரு?"

"கருத்தக்கண்ணன்."

"ஊரு?"

"பரவை."

அடித்தல் திருத்தம் இல்லாமல் எழுதிக்கொண்டார்கள். நான் வைத்துக்கொண்ட முதல் புனைபெயர் அது.