எண்ணெய் பிடிக்கும் களிமண்

புத்தூரில் பத்மாவதிக்கும் அவளுடைய அண்ணன் முருகேசுவுக்கும் பங்குக் கிணறு ஒன்று இருந்தது. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, போரால் எரிபொருள் வரத் தடையிருந்த காலத்தில், அந்தக் கிணற்றில் டீசல் மிதக்கத் தொடங்கியது.

"தண்ணி இறைக்கிற மிசின் ஒழுகியிருக்கும்," என்றார் முருகேசு.

பத்மாவதி இரசாயனம் படிப்பிக்கிறவள். வெறுங் களிமண் தண்ணீரைத்தான் பிடிக்கும். காயம் கழுவும் ஒருவகை மருந்தில் ஊறவைத்துக் காயப்போட்டால் அதே களி எண்ணெயைப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆசுப்பத்திரியில் காலாவதியாகிக் கிடந்த போத்தல்களைக் கெஞ்சி வாங்கினாள். குளத்துக் களியை முருகேசுவே சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். கை வெடிக்கும்வரை பிசைந்தாள். அந்தக் களியூடாக வடித்த தண்ணீர் மணமில்லாமல் தெளிந்து வந்தது. முதலில் தானே குடித்துப் பார்த்தாள். பிறகு மகளுக்குக் கொடுத்தாள். அயலட்டைச் சனமும் குடத்தோடு வந்தது.

"என்ரை தங்கச்சி செய்த வேலை!" என்று முருகேசு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அதைக் கேட்டு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் மாற்ற மாற்றக் களி கறுத்துக்கொண்டே போனது. மிசினோ டீசல் இல்லாமல் ஓடாமலே கிடந்தது; அதிலிருந்து ஒழுக வழியில்லை. ஒரு மத்தியானம் கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்தாள். அண்ணன் வீட்டு வளவுப் பக்கத்துக் கல்வெடிப்பால் டீசல் கசிந்தது. நேரே அந்தப் பக்கம் இருந்த அவருடைய மாட்டுக்கொட்டிலுக்குப் போய் வைக்கோலை விலக்கினாள். கீழே புதைத்த பரல்கள், டீசல் நிரப்பிய இரும்புப் பீப்பாய்கள். ஒன்று துருவேறி ஓட்டை விழுந்திருந்தது.

பின்னால் வந்த அண்ணன் மனைவி, மச்சாள் தங்கமுத்து, தலையைக் குனிந்தாள். "ஒழுகிறது அவருக்குத் தெரியும். விலை ஏறினாப்பிறகு எடுத்து விப்பம், அதுவரைக்கும் அவள் தண்ணியைச் சுத்தமாக்கிப் போடுவாள் எண்டவர்."

பத்மாவதி கொட்டில் வாசலிலேயே காத்து நின்றாள். முருகேசு வந்ததும் கேட்டாள். "அண்ணை, என்ரை பிள்ளை குடிக்கிற தண்ணியெல்லே?"

"நீதானே வடிச்சுக் குடுக்கிறாய்? பிறகென்ன?" அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் அவளால் தாங்க முடியாமல் போனது. குடத்தோடு நின்ற பெண்களிடம் போனாள்.

"இந்தத் தண்ணியைக் குடியாதேங்கோ. உவரின்ரை கொட்டிலுக்குள்ளை டீசல் பரல் ஒழுகுது."

ஊர் திரண்டு வந்து அன்றைக்கே பரல்களைக் கிளறி எடுத்தது. "கூடப்பிறந்தவளே காட்டிக்குடுத்திட்டாள்!" என்று முருகேசு தெருவில் நின்று கத்தினார்.

மாரி மழை கிணற்றைக் கழுவும்வரை அவள் தோட்டத்துக்கு வடிக்கும் தண்ணீருக்காக மட்டும் களி பிசைந்தாள். குடிக்கக் கோயில் கிணற்றில் அள்ளினாள். அண்ணை என்ற சொல் அதற்குப் பிறகு அவள் வாயில் வரவில்லை. யாராவது கேட்டால், பக்கத்து வளவுக்காரர் என்பாள்.