கொடியைத் தூக்காத மச்சான்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறக்க வேண்டியதே இல்லை. காசுக்கு ஆடும் கால்பந்தில் நடக்கிற ஏமாற்று வேலைகளையும் அவற்றுக்குத் தக்க தண்டனையையும் பற்றி ஒரு விளையாட்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். ஐந்து பக்கம் வேண்டும் என்றார்கள். இரண்டு பக்கம் தேறியது. 'தண்டனை என்பது குற்றத்தின் அளவுக்கு' என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, முடிக்கத் தெரியாமல் எழுந்துபோய் டீ குடித்தேன். டீக்கடையில் இரண்டு பேர் சங்கு குளிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் கட்டுரை கெட்டது.

அவர்கள் பேசியது தூத்துக்குடிக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. சங்கெடுக்கக் கடலில் முங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். மறுமுனையை வள்ளத்தில் ஒருவர் பிடித்திருப்பார். கீழே இருப்பவன் சுண்டினால் மேலே இருப்பவர் உடனே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றைக் கூடப்பிறந்தவனிடம்கூடக் கொடுக்க மாட்டார்கள். பெண்டாட்டியின் அண்ணன் தம்பிதான் பிடிக்க வேண்டும். தங்கச்சி தாலியறுவதை எந்த மச்சானும் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

அப்படிப்பட்ட ஒரு மச்சான் கையில் கயிற்றுக்குப் பதிலாக லைன்ஸ்மேன் கொடியைக் கொடுத்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்வி வந்த பிறகு கட்டுரையாவது ஒன்றாவது. அந்த ஆளுக்குப் பர்னபாஸ் என்று பேர் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'அந்திச் சூரியன் உப்பளங்களின் மேல்' (வேண்டாம். சூரியனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

இரண்டாவது: 'பர்னபாஸ் மிக நேர்மையான மனிதர்.' (இப்படித் தொடங்கினால் அடுத்த வரியிலேயே நீங்கள் அவரைச் சந்தேகப்படுவீர்கள். நானாக இருந்தாலும் படுவேன்.)

மூன்றாவது தேறும் என்று நினைக்கிறேன்: 1974 மே மாதம், லீக் இறுதி ஆட்டத்தன்று காலையில், லைன்ஸ்மேனுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது.

மாற்று ஆளை இரண்டு அணித் தலைவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் மில் அணி, மறுபக்கம் கப்பலில் சுமை ஏற்றும் ஒப்பந்தக்காரரின் அணி.* லீக்கின் சின்ன ஆட்டங்களில் மூன்று வருஷமாகக் கொடி பிடித்தவர் பர்னபாஸ். அவர் பேர் அடிபட்டதும் யாரோ, "மில்லுக்கு ஆடுத வில்பிரட்டுக்கு இவரு மச்சான்லா?" என்று இழுத்தார்கள்.

பதில் சொன்னவன் ஒப்பந்தக்காரர் அணியின் தலைவன், கோல்கீப்பர் மாசானம். விளாத்திகுளத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்தவன்.

"இருந்தா என்ன? உசுரையே நம்பி அவரு கையில குடுக்காவ. ஒரு கொடியை நம்பிக் குடுக்க மாட்டமா? அண்ணாச்சியே நிக்கட்டும்."

வேறெந்த ஊரிலும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். மதுரையில் சொன்னால் சிரிப்பார்கள். இந்தக் கரையில் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. பர்னபாஸுக்கும் படவில்லை.

* இரண்டுமே ஆட்டத்துக்காக ஆள் எடுத்துச் சம்பளம் கொடுத்த அணிகள். இரண்டுமே என் கற்பனை. எந்த மில் என்று விசாரித்துக்கொண்டு அலைய வேண்டாம்.

3

வில்பிரட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மில்லுக்குப் போகுமுன் நாலு வருஷம் சங்கு குளித்தவன். கயிறு பிடித்தவர் பர்னபாஸ். பிறகு அவன் காலில் இருந்த வேகத்தைப் பார்த்து மில்லில் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வேலை நிரந்தரமில்லை. கோப்பையோடு வந்தால் பெர்மனென்ட் என்று மேனேஜர் வாயால் சொல்லியிருந்தார். வீட்டில் அமலோற்பவத்துக்கு ஆறு மாசம். அவள் அவனுக்குப் பெண்டாட்டி, பர்னபாஸுக்கு ஒரே தங்கச்சி.

ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. மில் அணிக்கு ஒரு கார்னர். பந்து வளைந்து வர, வில்பிரட்டும் மாசானமும் ஒன்றாக எம்பினார்கள். மாசானத்தின் விரலுக்கு எட்டுமுன் வில்பிரட் இடது மணிக்கட்டால் பந்தை உள்ளே தட்டிவிட்டான்.

ரெஃப்ரிக்கு அது மறைந்துவிட்டது. பர்னபாஸுக்குப் பளிச்சென்று தெரிந்தது, கோல் கோட்டுக்கு நேரேதான் நின்றார். ரெஃப்ரி திரும்பி அவரைப் பார்த்தார். மாசானமும் நிம்மதியாக அவரைத்தான் பார்த்தான். அண்ணாச்சி பார்த்துவிட்டார், இனிக் கவலையில்லை என்கிற முகம்.

கொடி மேலே வரவில்லை. கோல் என்று விசில் அடித்துவிட்டார்கள்.

4

இந்த இடத்தில் பத்து நாள் மாட்டிக்கொண்டேன்.

'தங்கச்சியின் வயிற்றை நினைத்து அவர்' என்று எழுதி அடித்தேன். அவ்வளவு யோசிக்க நேரம் ஏது? 'வேலையும் கோப்பையும் கண் முன்னே' என்று எழுதி அதையும் அடித்தேன். அப்படி ஆசைப்பட்டவராக இருந்தால் இவரைப் பற்றி எழுத எனக்கு என்ன கேடு?

ஒருவேளை பர்னபாஸ் பச்சைக் கள்ளனோ என்றும் ஒரு நாள் சந்தேகப்பட்டேன். அன்றைக்கு ஒரு வரிகூட ஓடவில்லை.

கடைசியில் அவர் கையைத்தான் நம்பினேன். நாலு வருஷம் அந்தக் கை ஒரே ஒரு பாடத்தைத்தான் படித்திருந்தது. வில்பிரட்டுக்கு ஆபத்தென்றால் இறுகப் பிடிக்க வேண்டும். அன்றைக்கு ஊரே வில்பிரட்டைப் பார்த்தது, கை இறுகியது, கொடிக்கம்பு தொடையோடு ஒட்டிக்கொண்டது. தூக்க வேண்டும் என்று மனசுக்கு எட்டுவதற்குள் நடுமைதானத்தில் பந்து வைத்துவிட்டார்கள்.

அது முதல் நிமிஷத்துக்கான சமாதானம். அடுத்த நிமிஷம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது, அவரிடமும் கிடையாது.

5

மாசானம் ரெஃப்ரியை நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டான். ஒரு வருஷம் தடை விதித்தார்கள். ஆடாத கோல்கீப்பர் எதற்கு என்று ஒப்பந்தக்காரர் மறுநாளே நிறுத்திவிட்டார். வில்பிரட்டுக்கு மில்லில் பெர்மனென்ட் ஆர்டர் கிடைத்தது.

பர்னபாஸ் மறுபடி வள்ளத்துக்குப் போனார். மச்சான் வாய்க்காத இரண்டு பையன்கள், "எங்களுக்கும் நீங்கதான் மச்சான்" என்று உறவுமுறை வைத்து அவர் கையில் கயிற்றைக் கொடுத்திருந்தார்கள். அதில்தான் அவர் வயிறு கழுவினார். ஆட்டத்துக்குப் பின் வந்த மூன்று வாரமும் அவர்கள் மேலே வரும்வரை அவர் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இந்தக் கையை எப்படி நம்பி இறங்குகிறார்கள் என்று இருந்தது.

மாசானம் மறுவிசாரணை கேட்டு மனுப் போட்டிருக்கிறான் என்று தெரிந்த அன்று பர்னபாஸ் தங்கச்சி வீட்டுக்குப் போனார். அவள் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏளா, அந்தக் கோலு கையால போட்டது. நான் பாத்தேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "தெரியும்ணே. அவுகளும் மூணு வாரமா சரியா ஒறங்கல."

"போயிச் சொல்லிரட்டுமா? மாப்பிள்ளைக்கு வேலை போனாலும் போவும்."

"சொல்லாம இருந்தா நீ சோறு திங்க மாட்ட. நீ திங்காம எனக்கு எறங்காது. போயிச் சொல்லு."

இந்தப் பெண்ணை நான் கதையில் ஓரமாக நிறுத்தத்தான் நினைத்திருந்தேன். அவள் அதற்கு மசியவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பத்து மணி. உப்பு மண்டிக்கு மேலே லீக் கமிட்டி அறை. செயலாளர் தேவபிரசாதம் சார், நாசரேத்துக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். எதிரே மாசானம், வில்பிரட், பர்னபாஸ். படியேற முடியாமல் அமலோற்பவம் கீழே நிற்கிறாள்.

பர்னபாஸ் எழுந்தார். "சார், பந்து கையில பட்டுச்சு. நான் பாத்தேன். கொடியைத் தூக்கல. மாசானத்து மேல தப்பில்ல."

தேவபிரசாதம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாசானம், நீ என்ன சொல்லுத?"

"தள்ளுனது தள்ளுனதுதான் சார். அதுக்கு ஒரு மாசமோ ரெண்டு மாசமோ போடுங்க. ஆனா அந்தக் கோலை நோட்டுல அடிச்சிருங்க. நான் விடல சார் அதை."

அடித்தார்கள். அவன் தடை ஒரு மாசமாகக் குறைந்தது. இது நியாயமான தண்டனை, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கட்டுரையாக இருந்தால் இங்கே முடித்துவிட்டுப் படுக்கப் போயிருப்பேன்.

சார் விதிப்புத்தகத்தைத் திறந்தார். கையால் கோல் போட்ட ஆட்டக்காரனுக்கு ஒரு வருஷத் தடை. (ஒரு வருஷமென்றால் மில்லில் தறிக்குத் தள்ளுவார்கள், வேலை போகாது.) பார்த்தும் மறைத்த லைன்ஸ்மேன் பேரை நீக்கி, காரணத்தை எழுதி மைதானத்திலும் துறைமுக வாசலிலும் ஒட்ட வேண்டும். (அந்தத் தாளைப் படித்த பிறகு அவர் கையில் எவன் கயிறு கொடுப்பான்?) ஆனால், ஆட்டத்துக்கு முன்பே ஆட்டக்காரன் கேட்டுக்கொண்டதால் மறைத்தார் என்றால், ஆட்டக்காரனுக்கு ஆயுள் தடை. (இனி ஆடவே முடியாதவனை மில் வைத்துக்கொள்ளாது.) லைன்ஸ்மேனைக் கூப்பிட்டு எச்சரித்து விட்டுவிடலாம், தாள் ஒட்ட வேண்டியதில்லை.

வில்பிரட் சட்டென்று எழுந்தான்.

"சார், நாந்தான் மச்சான்ட்ட கேட்டேன். ஆட்டத்துக்கு முந்தியே. என்ன நடந்தாலும் கொடியைத் தூக்காதியன்னு காலைப் பிடிச்சேன். தங்கச்சி மேல சத்தியம் வாங்குனேன். அவரு என்ன செய்வாரு பாவம்."

பொய். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அது வில்பிரட்டுக்குத் தெரியும், பர்னபாஸுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும்.

 இந்த விதியை உண்டாக்கியது நான்தான். அநியாயமான விதி என்று சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் இதை எழுதும்போது வில்பிரட் இப்படி எழுந்து நிற்பான் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

7

"பர்னபாஸ், அவன் சொல்லுதது நெசமா?" என்று கேட்கிறார் தேவபிரசாதம் சார்.

ஒரு முடிவு: "பொய் சார்" என்கிறார். தாள் ஒட்டப்படுகிறது. பையன்கள் இரண்டு பேரும் வேறு மச்சானைத் தேடிக்கொள்கிறார்கள். வில்பிரட் தறியில் நிற்கிறான். ஆனாலும் மில் கேட்டுக்குள் இருக்கிறான்.

இன்னொன்று: பர்னபாஸ் தலையைக் குனிந்துகொள்கிறார். வில்பிரட் மில் கேட்டுக்கு வெளியே நிற்கிறான். இருபத்தேழு வயசு. இனி ஜென்மத்துக்கும் பந்தைத் தொட முடியாது.

மூன்றாவதாக ஒன்றை, எல்லாரையும் மன்னித்து, சாரையும் அழவைத்து எழுதிப் பார்த்தேன். என் பேனாவுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

வேறு வழியில்லாமல் படியிறங்கி அமலோற்பவத்திடம் போனேன். மேலே நடந்ததைச் சொன்னேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணன் வேணுமா புருசன் வேணுமான்னு எங்கிட்ட கேக்க வந்தியளாக்கும்?"

பேனாவைச் சட்டைப்பையில் செருகினேன்.

"ஒருத்தருக்காக ஒருத்தரு கெடுதாவ. அதைப் பாத்துட்டு தண்டனை எழுத உங்களுக்குக் கை வந்தா எழுதுங்க" என்றாள். பிறகு குரல் தணிந்து, "அந்த மாசானத்து முகத்தையும் பாத்துக்கிட்டு எழுதுங்க" என்றாள்.

மேலே வந்து பார்த்தேன். மாசானம் பர்னபாஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் கோபமே இல்லை. இத்தனைக்குப் பிறகும் அண்ணாச்சி உள்ளதைச் சொல்வார் என்றுதான் இருக்கிறான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் இதற்கு மேல் எழுத மாட்டேன். பர்னபாஸ் வாயைத் திறக்கப் போகிறார். என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் கீழே நிற்கிறவளிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.