பெற்றோர் கையொப்பம்

'குடும்பத்தில் மொத்தம் எத்தனை பேர்?' என்று திரை கேட்டது. கணவன் இரண்டு என்று தட்டினான்.

"மூணுன்னு போடுங்க," என்றாள் அவன் மனைவி, டீச்சர்.

"எங்கம்மாவ இதுல சேர்க்க முடியாது. அதுக்குத் தனி ஃபாரம்."

"உங்கம்மாவச் சொல்லல."

அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒழுங்காக மடித்த சட்டையை மறுபடி உதறி, மறுபடி மடித்தாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"எத்தனை நாளாச்சு?"

"ஒம்பது வாரம்."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவர்க் காலண்டரைப் பார்த்தான். அதில் பதினேழு மாதங்கள் சிவப்புப் பேனாவால் அடிக்கப்பட்டிருந்தன. "இன்னும் ஏழு மாசம் இருக்கே," என்றான். வயிற்றுப் பிள்ளையின் செய்தி கேட்டு ஏழு மாதத்தை எண்ணும் அப்பாக்கள் உலகில் எத்தனையோ பேர். இவன் எண்ணிய ஏழு மாதம் வேறு.

அவர்கள் வந்திறங்கிய நாட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. அதனால் ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தார்கள். ஆசிரியப் பயிற்சியோ குழந்தைப் பராமரிப்புப் பயிற்சியோ பெற்றவர்கள் வெளியிலிருந்து வரலாம், குடும்பத்தையும் கூட்டி வரலாம். வந்த பிறகு ஒரு சின்ன விஷயம்: ஊரில் கற்ற கல்வி ஊரில்தான் கல்வி. ஆறு வருடம் மூன்றாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், இங்கே குழந்தைகள் காப்பகத்தில் இரண்டு வருடம் விடாமல் உதவியாளராக வேலை பார்க்க வேண்டும். அதன் பிறகு நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். முதன்மை விண்ணப்பதாரர் அவள். கணவனுக்கு விண்ணப்பத்தில் 'சார்ந்திருப்பவர்' என்று பெயர். அந்தச் சொல் வரும் பக்கத்தை மட்டும் அவன் வேகமாக நகர்த்திவிடுவான். ஊரில் அவன் மேனேஜர். இங்கே தன் தகுதிக்கேற்ற வேலை வரும்வரை சோபாவைக் காவல் காத்துக்கொண்டிருந்தான். ஞாயிறுதோறும் விண்ணப்பத்தைத் திறந்து, போன ஞாயிறு நிரப்பியது கலையாமல் இருக்கிறதா என்று பார்ப்பான். அன்றும் ஞாயிறுதான்.

இந்தக் கல்யாணமே அந்த வாசலை வைத்து நிச்சயமானதுதான். அவனுடைய அப்பாவுக்குத் தெருவில் 'மேடை' என்று பெயர். வரதட்சணை ஒழிப்பு பற்றி எந்தக் கூட்டம் நடந்தாலும் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். பெண் பார்க்க வந்த அன்றும், "எங்களுக்குத் தங்கம் வேண்டாம், வண்டி வேண்டாம், பாத்திரம் பண்டம் ஒண்ணும் வேண்டாம். பொண்ணு போதும்," என்று முழங்கினார். பெண்ணின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி, "பொண்ணோட சர்டிஃபிகேட் மட்டும் ஒரு செட் காப்பி எடுத்துக் குடுங்க. இங்கிலீஷ் பரீட்சை மார்க்கும். பேச்சுக்குத் தனி, எழுத்துக்குத் தனி," என்றார். பெண்ணைப் பாடச் சொல்லவில்லை, நடக்கச் சொல்லவில்லை. பெண்ணுக்கு முப்பது தாண்டினால் விசா பாயிண்ட் குறையும் என்பதால் கல்யாணத்தை மட்டும் இரண்டு மாதம் முன்னுக்குத் தள்ளினார்கள். ஒரு குண்டுமணித் தங்கம்கூட வாங்காமல் மருமகள் எடுத்தவர் என்று அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் தங்கம் வாங்கவில்லை. ஒரு நாட்டை வாங்கிக்கொண்டார்.

ஒம்பது வாரம் என்று கேட்ட கையோடு கணவன் அம்மாவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரைத் தட்டி மேசைமேல் வைத்தான்.

அத்தை, தெருவில் எந்தப் பெண் கல்யாணமாகி வந்தாலும் மூன்றாம் மாதமே "விசேஷம் உண்டா?" என்று கேட்பவள். தன் மருமகளிடம் மட்டும் பதினேழு மாதமாக, "ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டு வந்தாள். இல்லை என்றதும் ஒரு பெருமூச்சு வரும்.

"ஏம்மா, உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள் இப்போது.

"இருக்கு அத்தை. வாரத்துக்கு நாப்பது மணி நேரம்."

"எதிர்த்துப் பேச மட்டும் நல்லா வருது. இப்பல்லாம் மாத்திரைதானாமே, கலைச்சிட்டா..."

"அந்த வார்த்தை நம்ம குடும்பத்துல வரக்கூடாது!" மேடை மாமா குறுக்கே வந்தார். "நாலு பேர் மதிக்கிற குடும்பம். தள்ளிப்போடறதுன்னு சொல்லு."

"வந்தத எப்படி மாமா தள்ளிப்போடறது?"

மாமாவின் பேச்சுக்கு யாரும் இதுவரை கேள்வி கேட்டதில்லை.

"நான் வேலை பாக்கற சென்டர்ல மேடத்துகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கறேனே," என்றாள் டீச்சர், கணவனிடம்.

"கெட்டுது போ! வாயத் திறந்தீன்னா உன் மணி நேரத்தக் குறைப்பாங்க. பிரசவ லீவு எடுத்தா இத்தனை மாசமும் போயி மறுபடி முதல்லேருந்து. குரூப்ல அட்மின் தெளிவாப் போட்டிருக்கார்."

குரூப் என்பது இதே வாசலில் நிற்கும் முந்நூறு பேர் போனில் கூடும் இடம். அட்மின் ஆறு வருடமாக அந்த வாசலில் நிற்பவர். அந்த அனுபவமே அவருடைய தகுதி.

பேச்சு மதியம்வரை நீண்டது. கடைசியில் அவள்தான் இறங்கிவந்தாள். "பிள்ளை இருக்கட்டும். நான் யார்கிட்டயும் சொல்லல. முடியற வரைக்கும் வேலைக்குப் போறேன்."

"அதுதான் புத்திசாலித்தனம்," என்றார் மாமா. கணவன் 'இரண்டு' என்பதை அழிக்காமல் கம்ப்யூட்டரை மூடினான்.

காப்பகத்தில் அவள் அறையில் எட்டுக் குழந்தைகள். எல்லாம் ஒன்றரை, இரண்டு வயது. எட்டு மூக்குகளில் எந்நேரமும் குறைந்தது ஐந்து ஒழுகும். அந்த இடத்தில் அவளுக்குப் பிடித்தது ஒன்று: விபத்துத் தாள். ரோஜா நிறத்தில் இருக்கும். பிள்ளைக்கு எறும்பு கடித்தாலும் அதில் எழுத வேண்டும். எங்கே நடந்தது, என்ன நடந்தது, யார் உடனிருந்தார்கள், என்ன முதலுதவி. மாலையில் பெற்றவர் வந்து, படித்து, கையெழுத்துப் போட வேண்டும். போடாமல் பிள்ளையை அனுப்பக் கூடாது. அவளுடைய பழைய பள்ளியில் நாற்பத்திரண்டு பிள்ளைகள் விழுந்தார்கள், எழுந்தார்கள், யாரும் ஒரு வரி எழுதியதில்லை. ஒரு பிள்ளையின் கீறலுக்கு இத்தனை மரியாதையா என்று முதல் வாரம் அவள் வியந்துபோனாள்.

அந்த எட்டில் ஒருவனுக்கு அவள் மனசுக்குள் 'பூசணி' என்று பெயர் வைத்திருந்தாள். பதினாலு கிலோ. வேறு யார் தூக்கினாலும் கத்துவான். இவளைக் கண்டால் இரண்டு கையையும் நீட்டுவான். தரையிலிருந்து தூக்கித் துணி மாற்றும் மேசையில் கிடத்த வேண்டும், மேசையிலிருந்து இறக்க வேண்டும், தொட்டிலில் விட வேண்டும். அவள் தொளதொளவென்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். இடுப்பில் ஒரு வலி வந்து போனது. பிறகு வந்து போகாமல் நின்றது. அப்போதும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. பேச்சு என்றால் பேச்சு.

பதினாறாவது வாரம் ஒரு புதன்கிழமை, மதியத் தூக்க நேரம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு தொட்டிலாகக் குனிந்து, பிள்ளை மூச்சு விடுகிறதா என்று பார்த்து எழுத வேண்டும். பூசணி சிணுங்கினான். தூக்கித் தட்டிக்கொடுத்துக் கிடத்தி நிமிர்ந்தபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒன்று நாற்பதுக்கு எட்டுத் தொட்டிலையும் பார்த்தாள். எட்டுப் பேரும் சீராக மூச்சு விடுகிறார்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டாள். ஒன்பதாவதுக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. பக்கத்து அறைப் பெண்ணை அழைத்து நிறுத்திவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.

எதனால் கலைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவமனையில் டாக்டர். காப்பகத்தின் தலைமைப் பெண்மணி வேலை முடிந்த கையோடு வந்திருந்தார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும் கண்டிப்பான அம்மாள். அன்றும் அதைக் கழற்ற மறந்திருந்தார்.

"ஏன்மா சொல்லல? சொல்லியிருந்தா அன்னிக்கே கதை படிக்கிற அறைக்கு மாத்தியிருப்பேனே. உக்காந்த இடத்து வேலை."

"மணி நேரம் குறைஞ்சிடும்னு..."

"யார் சொன்னது? பிரசவ லீவும் உன் ரெண்டு வருஷத்துல சேரும். நீ வேலைக்குச் சேந்த அன்னிக்கு ஒரு புத்தகம் குடுத்தேனே, அதுல பத்தாம் பக்கத்துல இருக்கு."

புத்தகம் வீட்டில்தான் இருந்தது. முக்கியமான காகிதம், கசங்கிவிடக் கூடாது என்று கணவன் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சான்றிதழ்களோடு ஃபைலில் வைத்திருந்தான். உறை பிரிக்கப்படவே இல்லை.

பத்தாம் பக்கத்தைப் பற்றி அவள் சொன்னபோது அவனுக்குக் கண் கலங்கியது உண்மைதான். பிறகு குரூப்பில், 'மனைவி நாலு நாள் சிக் லீவு. பாதிப்பு உண்டா?' என்று கேட்டான். 'பாதிப்பு இல்லை. வாழ்த்துகள்,' என்று அட்மின் பதில் போட்டிருந்தார்.

அத்தை போனில், "போனாப் போகுது, இன்னொண்ணு பொறக்காமயா போயிடும்? உடம்பத் தேத்திக்கிட்டுச் சீக்கிரம் வேலைக்குப் போ," என்றாள். குரலில் ஆறுதல் இருந்தது. யாருக்கான ஆறுதல் என்பதுதான் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் அவள் வேலைக்குப் போனாள். பூசணி இரண்டு கையையும் நீட்டினான். தூக்கிக்கொண்டாள்.

காலண்டரில் மீதி மாதங்களும் அடிபட்டுத் தீர்ந்தன. இருபத்துநாலாவது மாதம் முடிந்த ஞாயிறு, கணவன் விண்ணப்பத்தை அச்செடுத்து மேசைமேல் நேர் செய்து வைத்தான். பிள்ளை இருந்திருந்தால் அது பிறந்திருக்கும் வாரம். அது வீட்டில் ஒருத்திக்குத்தான் நினைவிருந்தது.

போன் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. திரையில் அத்தையும், பொன்னாடையை மடித்துத் தோளில் போட்ட மாமாவும்.

"நல்ல பேனாவாக் குடுடா," என்றார் மாமா. "குடும்பமே தலை நிமிரப் போற கையெழுத்து."

டீச்சர் பேனாவை வாங்கினாள். பிளாஸ்டிக் உறைகள் இருந்த அதே ஃபைலிலிருந்து ரோஜா நிற விபத்துத் தாள் ஒன்றை எடுத்தாள். கணவன் முன்னால் வைத்துப் பேனாவை அதன்மேல் வைத்தாள்.

பெயர்: வைக்கவில்லை. வயது: பதினாறு வாரம். நடந்த இடம்: வீடு, சாப்பாட்டு மேசை. உடனிருந்தவர்கள்: கணவர், போனில் அத்தை, மாமா. என்ன நடந்தது: யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார்கள். நானும் சரி என்றேன். முதலுதவி: இல்லை. கரும்பலகையில் எழுதிப் பழகிய வட்ட வட்டமான கையெழுத்து. அடியில் அம்மாவின் கையொப்பம் இருந்தது. அப்பாவுக்கான கோடு காலியாக இருந்தது.

"இது எதுக்கு?" என்றான் அவன். "இத எங்க குடுக்கப் போற?"

"எங்கயும் குடுக்கல. பெத்தவங்க கையெழுத்துப் போடாம எங்க சென்டர்ல பிள்ளைய அனுப்பறதில்ல. அஞ்சு மாசமா நான் அனுப்பாம வச்சிருக்கேன்."

"இப்பப் போய்... முதல்ல அதுல போடு."

"நீங்க இதுல போடுங்க. நான் அதுல போடறேன்."

"என்னம்மா, கையெழுத்து ஆச்சா?" திரையில் மாமா கழுத்தை நீட்டினார். "இங்க வாழ்த்துச் சொல்ல ரெண்டு பேர் வந்து உக்காந்திருக்காங்க."

கணவன் பேனாவைத் தொடவில்லை. நடந்த இடம் என்ற வரியை இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருந்தான்.

தாமதமாக வரும் பெற்றோருக்காகக் காத்திருந்து பழகியவள் அவள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.