ஸ்கேனுக்குப் போனவர்

குளுக்கோஸ் பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி ஸ்ட்ரெச்சரோடு ஓடிக்கொண்டிருந்தாள் ரஃபீக்கா. அரசாங்க ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சருக்குச் சக்கரம் நாலு. போகிற திசைக்குப் போவது மூன்றுதான். நாலாவது அதுபாட்டுக்குச் சுவரைப் பார்த்து இழுத்தது. தள்ளிக்கொண்டு வந்த ஆம்புலன்ஸ்காரன் அதை ஒவ்வொரு திருப்பத்திலும் காலால் உதைத்து வழிக்குக் கொண்டுவந்தான்.

"எங்கடி கூட்டிட்டுப் போறே?" என்றார் மொக்தார். மூச்சு வாங்கியது.

"ஸ்கேனுக்குப்பா. எடுத்துட்டு வந்துரலாம்."

"கீழதானே ஸ்கேனு? சட்டையெல்லாம் எதுக்கு மூட்டை கட்டுனே?"

நல்லவேளையாக, அவள் வாயைத் திறப்பதற்குள் வார்டுக்குள்ளிருந்து பெஷீரின் குரல் துரத்திக்கொண்டு வந்தது. "யோவ் மொக்தார்! சீக்கிரம் வந்து சேருய்யா. உன் கட்டிலுக்கு நான் காவல். எவனாச்சும் வந்து படுத்தான்னா என் புண்ணுக் காலாலயே உதைப்பேன்!"

மொக்தார் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே லிஃப்ட் வரைக்கும் ஆயிற்று. ரஃபீக்கா பாட்டிலைக் கை மாற்றிக்கொண்டாள். அப்பாவிடம் அவள் பொய் சொல்லி எத்தனையோ வருஷமாகிறது. பரீட்சை, சினிமா என்று சின்ன வயசில் சொன்னதுதான். நாற்பத்தைந்து வயதில் மறுபடி சொல்ல வேண்டி வந்தது.

துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆறு கட்டில் போட்ட வார்டு அது. ஜன்னல் ஒன்று மூடாது, ஒன்று திறக்காது. போர்வை வீட்டிலிருந்து வர வேண்டும், சாப்பாடு வீட்டிலிருந்து வர வேண்டும், ஸ்டாக் இல்லை என்று எழுதிக் கொடுக்கிற மருந்து எதிர்க் கடையிலிருந்து வர வேண்டும். இதயம் வீங்கி நுரையீரலில் நீர் கோத்து அங்கே வந்து படுத்தார் மொக்தார். காபெஸ் சாலையில் முப்பது வருஷம் ஷேர் டாக்ஸி ஓட்டியவர். எட்டுப் பேரை உட்கார வைத்துக்கொண்டு வழியெல்லாம் பேசியே பழகிய மனுஷருக்கு அந்த வார்டு இன்னொரு வண்டி மாதிரி ஆகிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் பெஷீர். கெர்க்கென்னா தீவில் ஆக்டோபஸ் பிடிப்பவர். சர்க்கரையில் கால் அழுகி வந்தவருக்குத் தினமும் வந்து பார்க்க ஆள் இல்லை. கடல் தாண்டி வர வேண்டும். ரஃபீக்கா அப்பாவுக்குக் கொண்டு வந்த சூப்பில் பாதி அவருக்குத்தான் போகும். ராத்திரி மொக்தாருக்கு மூச்சு முட்டினால் பெஷீர் ஒற்றைக் காலில் தாவி வந்து முதுகைத் தடவிவிட்டு, நர்ஸ் ஜலீலாவை ஊரே முழிக்கிற மாதிரிக் கூப்பிடுவார்.

ரஃபீக்கா பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். வைத்தியச் செலவை எந்த நாட்டில் யார் ஏற்கிறார்கள் என்ற பாடத்தைப் போன மாதம்தான் நடத்தினாள். கரும்பலகையில் கட்டம் கட்டி, ஒரு பக்கம் அரசாங்கமும் காப்பீடும், மறுபக்கம் ஜனங்களின் சட்டைப்பை. பிரான்சில் சட்டைப்பையிலிருந்து போவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. துனீசியாவில் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு. அப்பாவிடமும் அதைச் சொன்னாள்.

"நான் இதுல எந்தப் பக்கம்டி வரேன்?" என்று கேட்டார் மொக்தார்.

"கட்டில் அரசாங்கம்ப்பா. மருந்து நம்ம பை."

"அப்ப நடுவுல கோடு போட்டிருக்கியே, அந்தக் கோட்டு மேல என்னைப் படுக்கப் போட்டிருக்காங்கன்னு சொல்லு."

பெஷீர் இதைக் கேட்டுக் கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து வார்டில் யார் என்ன கேட்டாலும், "கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்பதே பேச்சாகிவிட்டது.

அண்ணனுக்கும் தம்பிக்கும் மட்டும் அந்தக் கோடு சிரிப்பாக இல்லை. அண்ணன் நஜீப் பிரான்சில் லியோன் நகரத்தில், தம்பி ஸலாஹ் கத்தாரில் தோஹாவில். தினமும் சாயங்காலம் மூன்று பேரும் போனில் கூடுவார்கள்.

"என் மாமியாருக்கு இடுப்பு எலும்பையே மாத்துனாங்க. கையிலேர்ந்து சல்லிக்காசு போகல. வண்டி வெச்சு வீட்டுல கொண்டாந்து விட்டாங்க. அதுக்குப் பேரு நாடு," என்பான் நஜீப்.

"சும்மா பீத்திக்காதே அண்ணே. சம்பளத்துல எவ்வளவு புடுங்குறான்னு சொல்லு. இங்க வரின்னா என்னன்னே தெரியாது. கார்டை நீட்டுனா போதும், மார்பிள் தரை, ரோஜாத் தண்ணி வாசனை."

"உன் கார்டு உன் முதலாளி இருக்கச் சொல்ற வரைக்கும்தான்டா. அவன் போன்னா, கார்டும் போச்சு, நீயும் போச்சு."

இப்படியே போகும், கால்பந்து மாட்ச் மாதிரி. ஒரு நாள் ரஃபீக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரெண்டு பேரும் உங்க உங்க நாட்டுப் பெருமையைப் பாடி முடிச்சிட்டீங்களா? அப்பா இன்னிக்குச் சாப்பிட்டாரான்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

அதுவரை எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "தனியார் கிளினிக்குக்கு மாத்திடு. பணம் நாங்க அனுப்பறோம்."

மாட்டேன் என்றாள். அப்பா இங்கே சந்தோஷமாக இருக்கிறார் என்றாள். ஆஸ்பத்திரியில் என்ன சந்தோஷம் என்று கேட்டான் நஜீப். வார்டு டாக்டரையும் விசாரித்துப் பார்த்தாள். தூக்கமே இல்லாத கண்ணோடு அந்தப் பையன் சொன்னான்: "அங்கயும் இதே மருந்துதான் அக்கா. இங்க காலைல பாக்குற பெரிய டாக்டர்தான் அங்க மத்தியானம் பாக்குறார். தனி ரூம் கெடைக்கும். உங்க இஷ்டம்."

கடைசியில் அவளைச் சாய்த்தது மன்னூபியா அத்தை. அப்பாவின் அக்கா. நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வார்டுக்குள் வந்தவள், நடு வார்டில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டு ஆம்பளைப் புள்ளைங்க வெளிநாட்டுல சம்பாதிக்குறாங்க. நீ டீச்சர். என் தம்பிய இந்தச் சத்திரத்துல கொண்டாந்து போட்டிருக்கியேடி! ஊர் காறித் துப்பாதா?"

மொக்தார் ஏதோ சொல்ல வாயெடுத்தார், இருமல் விடவில்லை. பெஷீர் தன் காலில் போட்ட கட்டைப் பார்த்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். சத்திரம் என்றால் அவரையும் சேர்த்துத்தானே. ரஃபீக்காவின் காது மடல் எரிந்தது. ச்சே, இந்த ஊர் வாயை அவள் என்றைக்குமே பொருட்படுத்தியதில்லை. ஆனாலும் அன்று சாயங்காலமே கிளினிக்குக்குப் போன் போட்டுவிட்டாள். அப்பாவின் நுரையீரலுக்காகப் போடவில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கிளினிக்கில் கதவு தானாகத் திறந்தது. தரை பளபளத்தது. முன்பணம் கட்டி ரசீது கைக்கு வந்த பிறகுதான் படுக்கையைத் தள்ளினார்கள், ஆனால் சிரித்த முகமாகத் தள்ளினார்கள். தனி ரூமுக்கு என்று வந்தவரை, ரத்த அழுத்தம் இறங்கியதால் நேரே தீவிர சிகிச்சைக்குள் கொண்டுபோனார்கள். அங்கே உறவினர்களுக்கு அரை மணி நேரம்தான், அதுவும் நாளைக்கு ஒரு தடவை.

அந்த அரை மணிக்காக ரஃபீக்கா மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஒரு மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பச்சை அங்கி, தலைக்குக் குல்லா, காலுக்கு உறை எல்லாம் மாட்டி உள்ளே விட்டார்கள். அப்பாவின் கண் கூரையில் இருந்தது. மற்ற படுக்கைகளைச் சுற்றித் திரை. ஒரு மனுஷக் குரல் இல்லை. மெஷின்கள் மட்டும் ஒன்றுக்கொன்று கூவிக்கொண்டிருந்தன.

"அப்பா."

மெதுவாகத் திரும்பினார். முகத்துக் குழாயை ஒரு விரலால் ஒதுக்கினார்.

"ஸ்கேன் நல்லாத்தான் எடுக்குறாங்க," என்றார்.

"நஜீப் அண்ணனும் ஸலாஹும் சொன்னாங்கப்பா. இங்க நல்லாப் பாத்துக்குவாங்கன்னு…"

"நல்லாத்தான் பாக்குறாங்க. திட்ட ஒரு ஆளில்ல, அதான்." கொஞ்ச நேரம் மூச்சுக்காகக் காத்திருந்தார். "பெஷீர்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்றேன்ப்பா."

"போய்ச் சொல்லிடு. கிறுக்குப் பய, கட்டிலுக்குக் காவல் இருப்பான். நர்ஸு பொண்ணுகூடச் சண்டைக்கு நிப்பான். அவன் காத்துக்கிட்டு இருக்கான்டி."

"இன்னிக்கே போறேன்."

போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? நாளைக்குப் போகலாம் என்று நினைத்தாள். மறுநாள் மத்தியானம், அவள் அங்கியை மாட்டிக்கொண்டிருக்கும்போதே பெரிய டாக்டர் வெளியே வந்துவிட்டார். அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டில் நம்பரால் கூப்பிட்டவர், இங்கே நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். எந்த நாட்டுக்குக் கொண்டுபோயிருந்தாலும் அந்த இதயம் இவ்வளவுதான் ஓடியிருக்கும் என்றார். கடைசியில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டாள் ரஃபீக்கா. மானிட்டரை எந்நேரமும் கவனித்துக்கொண்டுதான் இருந்தோம் என்றார் அவர்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, மாட்டிய காலுறைகளைக் கழற்றினாள். பிறகு வாய்விட்டு அழுதாள். அங்கே அழுகைக்குப் பழக்கமில்லை போலிருக்கிறது. ஒரு பெண் ஓடிவந்து அவளைத் தனி அறைக்கு அழைத்துப் போனாள்.

பிள்ளைகள் இரண்டு பேரும் விமானம் பிடித்து வந்து சேர்ந்தார்கள். குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, ஆண்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வீட்டில் இருந்தார்கள். வீடு நிறைய ஆள். நஜீப் அழுதழுது முகம் வீங்கிப்போய், வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னான்: "நாங்க எதுலயும் கொறை வெக்கல. கிளினிக்குல வெச்சுத்தான் பாத்தோம்."

"புள்ளைங்கன்னா இப்படி இருக்கணும்," என்றார்கள் வந்தவர்கள். மன்னூபியா அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழும்போதும் நடுவில் கிளினிக்கின் பெயரைச் சொல்ல மறக்கவில்லை. ரஃபீக்கா காபிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், இறந்தவர் பேரில் தர்மத்துக்குக் கூஸ்கூஸ் ஆக்கினார்கள். அண்டாவில் வெந்த கோதுமைக் குருணையைக் கொட்டி, குழம்பு ஊற்றி, கொண்டைக்கடலை தூவி, ஆட்டிறைச்சியை நடுவில் குவித்து, பெரிய மரத் தட்டுகளில் மசூதிக்கும் தெருவுக்கும் அனுப்பினார்கள். ரஃபீக்கா ஒரு தட்டை எடுத்து வெள்ளைத் துணியால் மூடினாள்.

"எங்க கொண்டுபோறே?" என்றான் ஸலாஹ்.

"ஆஸ்பத்திரிக்கு."

"கிளினிக்குக்கா? அங்க உள்ள விடமாட்டாங்களே அக்கா."

"அங்க இல்லடா."

ஸலாஹ் அவள் முகத்தைப் பார்த்தான். காரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டான்.

வார்டில் அப்பாவின் கட்டிலில் வேறொரு ஆள். வெயிலில் கறுத்த, ஒடிசலான மனுஷன். யாருமில்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பெஷீர் அவளைக் கண்டதும் வேண்டுமென்றே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வந்துட்டாங்கய்யா! ஸ்கேன் எடுக்கப் பாரிசுக்கே போயிட்டீங்களா? நான் இங்க ரெண்டு நாளு கட்டில விடாம மல்லுக்கு நின்னேன். அந்த ஜலீலாகிட்ட வாங்காத பேச்சில்ல. என் பையைத் தூக்கிக் கீழ எறிஞ்சுட்டுத்தான் இவனைப் படுக்க வெச்சா. எங்க அந்தப் பெரிய மனுஷன்? கீழயே நின்னு எவன்கிட்டயாச்சும் வாயடிச்சுக்கிட்டு இருக்கானா?"

ரஃபீக்கா கட்டிலின் ஓரத்தில் தட்டை வைத்துத் துணியை எடுத்தாள்.

பெஷீர் திரும்பினார். பேசிக்கொண்டே திரும்பியவர், தட்டைப் பார்த்து நிறுத்தினார். நோயாளிக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் டப்பாவில் கொண்டுவருவார்கள். இவ்வளவு பெரிய மரத் தட்டில், இவ்வளவு கறி குவித்து, சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் எதற்குக் கொண்டுவருவார்கள் என்பது அந்த ஊரில் பிறந்த எவருக்கும் தெரியும்.

அவர் ஒரு கடலையை எடுத்து, மறுபடி தட்டிலேயே வைத்தார்.

"எப்போ?" என்றார்.

"சனிக்கிழமை மத்தியானம் மாமா."

"கூட யாரு இருந்தா?"

யாரும் இல்லை என்று அவள் தலையை அசைத்தாள். பெஷீர் கட்டுப்போட்ட காலை இரண்டு கையாலும் பிடித்து நகர்த்தி, கட்டிலில் அவளுக்கு இடம் பண்ணினார். மேஜை டிராயரிலிருந்து ஸ்பூனை எடுத்துச் சட்டையில் துடைத்தார். "பிஸ்மில்லாஹ்" என்று ஒரு வாய் எடுத்து வைத்தார். பிறகு பக்கத்துக் கட்டிலை எட்டித் தட்டினார்.

"எழுந்திருடா. சாப்பிடு."

அந்த ஆள் சங்கடத்தோடு எழுந்து உட்கார்ந்தான். கறித் துண்டு ஒன்றை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு கேட்டான்: "யாரு குடுக்குறாங்க, மாமா?"

"நீ படுத்திருக்கியே, அந்தக் கட்டிலுக்காரரு."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். பிறகு மெதுவாக மென்றான். மற்றக் கட்டில்களிலிருந்து ஒவ்வொருவராக ஸ்பூனோடு வந்தார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த ஜலீலா, "கட்டில்ல உக்காராதீங்கன்னு எத்தனை தடவை…" என்று ஆரம்பித்தாள். தட்டைப் பார்த்தாள், ரஃபீக்காவைப் பார்த்தாள். மூலைக் குழாயில் போய் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து, தனக்கும் ஒரு ஸ்பூன் கேட்டாள்.