கிணற்று மேட்டுப் புளிச்சை

அங்கம்மாள் சாப்பிட்டு முடித்தும் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். குமட்டல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கம்பஞ்சோறும் புளிச்சக்கீரைக் கடைசலும் உள்ளேயே இருந்துகொண்டன. மசக்கை தொடங்கியதிலிருந்து கஞ்சி, மோர், இளநீர் எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்திருந்தன. கன்னங்கள் ஒட்டிப்போயிருந்தன. அவள் புருஷன் அர்த்தநாரி வாசற்படியில் நின்று அவள் முகத்தையே பார்த்தான். பிறகு இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம்தான் தண்டோரா போட்டார்கள். சேலம் ஜில்லா முழுக்க மதுவிலக்கு. கள்ளோடு கஞ்சாவும் போயிற்று. நாமக்கல்லில் சர்க்கார் லைசென்சோடு நடந்த கஞ்சாக்கடையை மூடியாயிற்று. இனி செடி வைத்திருந்தால் ஜெயில். ஊரில் யாரும் கஞ்சா பயிரிட்டதில்லை. ஆனாலும் மணியக்காரர் தீர்த்தகிரிக்குத் தூக்கம் போயிற்று. தாலூகா கச்சேரியில் அந்தச் செடிக்கு அடையாளம் சொல்லியிருந்தார்கள். விரல் விரித்தாற்போல் இலை, ஆள் உயரம், நார் உரியும் தண்டு. பருத்திக்காட்டு வரப்புகளில் எல்லாம் புளிச்சை அப்படித்தான் நின்றது.

“நமக்குத் தெரியுமப்பா இது புளிச்சைன்னு. டவுன்லருந்து வர்ற ஆப்பீசருக்குத் தெரியோணுமே. பிடுங்கிப் போடுங்க” என்றார்.

ஊர் பிடுங்கியது. முற்றாத தண்டுகளை நாருக்காகக் குட்டையில் ஊறப்போட்டார்கள். காற்று திரும்பும்போதெல்லாம் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டது. அர்த்தநாரியும் வரப்பைச் சுத்தமாக்கிவிட்டுக் கிணற்று மேட்டுக்கு வந்தான். அங்கே ஒரு வரிசை மிச்சமிருந்தது. அதன் முன்னால் அங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

“இதுல கை வச்சீங்கன்னா நான் பட்டினிதானுங்க. ஜெயிலுக்கு வேணா நானே போறன். அங்கயாச்சும் கடைஞ்சு போடுவாங்க.”

அவன் சிரிக்கவில்லை. காய்ந்த சோளத்தட்டுக் கட்டுகளைச் சுமந்து வந்து வரிசைக்கு முன்னால் மறைப்பாகச் சாத்தி வைத்தான். அதன் பிறகு சைக்கிள் மணி கேட்டபோதெல்லாம் ஓடிப்போய்க் கட்டுகளை இன்னும் நெருக்கி வைத்தான்.

ஆபீசர் ஒரு நாள் உச்சி வேளையில் வந்தார். காக்கி உடை, வியர்த்த முகம். வரப்பு வரப்பாக நடந்தார். தீர்த்தகிரி பெருமையோடு பின்னால் போனார். போகப்போக ஆபீசரின் முகம் சுருங்கியது. தண்ணீர் குடிக்க அர்த்தநாரியின் கிணற்றடிக்கு வந்தவர், செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“ஏனுங்க மணியக்காரரே, இத்தன காட்டுல ஒரு புளிச்சச் செடிகூடவா இல்ல? நமக்கு எடப்பாடிங்க. வடக்க எங்கெங்கயோ சுத்திப்போட்டு இப்பத்தான் ஊருப்பக்கம் மாத்தலாகி வந்தன். கெடைக்கும்னு பையெல்லாம் எடுத்தாந்தனே.”

சைக்கிளில் ஒரு சாக்குப்பை தொங்கியது. அர்த்தநாரி சோளத்தட்டைப் பார்த்தான், பிறகு மனைவியைப் பார்த்தான். அங்கம்மாள் பையைப் பார்த்தாள். பெரிய பை. அதை நிரப்பினால் மேட்டில் ஓர் இலை மிஞ்சாது. இல்லையென்று சொல்லிவிடலாம். அந்த மனிதரோ, கேட்டுவிட்டு, சட்டியை எட்டிப் பார்க்கும் பிள்ளையைப்போல் நின்றார். அந்த ஆசை அவளுக்குத் தெரிந்த ஆசைதான்.

“எங்கூட்ல இருக்குதுங்க சாமி” என்றாள். “பையில போட மாட்டன். உக்காருங்க, உண்டுட்டுப் போங்க.”

ஆபீசர் அவளுடைய ஒட்டிய கன்னத்தைப் பார்த்தார். அவள் கை வயிற்றின் மேல் இருந்தது.

“எத்தன மாசம் அம்மணி?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பையைச் சுருட்டிச் சைக்கிளில் செருகிவிட்டுக் கால் கழுவப் போனார்.

முதல் கவளத்திலேயே அவருக்குக் கண்கள் மூடிக்கொண்டன. புளிப்பில் தோள் குலுங்கியது. நாக்கைச் சப்புக் கொட்டினார். தீர்த்தகிரி பக்கத்தில் இன்னொரு இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“நாறுதே, என்னங்க குட்டையில?” என்று ஆபீசர் கேட்டார்.

தீர்த்தகிரி இன்னும் கொஞ்சம் கடைசல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கிணற்று மேட்டில் புளிச்சை மிஞ்சியிருக்கும் செய்தி அதற்குள் பரவிவிட்டது. ஆளுக்கு ஒரு பிடி கீரை கேட்க முந்தானையை ஏந்திக்கொண்டு பெண்கள் வேலிக்கு வெளியே வந்து நின்றார்கள். ஒருத்தி இன்னொருத்தியை முன்னால் தள்ளினாள். அங்கம்மாள் சட்டியில் இருந்ததை வழித்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். அவள் முதல் வாயை எடுத்து விழுங்கும்வரை அத்தனை பேரும் வேலியோரத்திலேயே நின்றார்கள்.